ஊருக்கு வெளியே நின்றவர்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நோயைப் பற்றியும் ஒரு பழைய நூலைப் பற்றியும் ஆகும். நோய், தொழுநோய். நம் பெரியவர்கள் அதைக் குஷ்டம் என்பார்கள், பெருவியாதி என்பார்கள். நூல், கிறிஸ்துவர்களின் வேதமாகிய விவிலியம். நான் கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறக்கவில்லை. எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருந்த மாரியம்மன் கோயில்தான் எனக்குத் தெரிந்த முதல் கோயில். ஆயினும் சுங்கை பட்டாணி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், விடுதித் தோழி ஒருத்தியின் விவிலியத்தைப் புரட்டியபோது ஒரு சிறிய நிகழ்ச்சி கண்ணில் பட்டது. ஆறேழு வரிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறு பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு காரியத்தை அது நினைவுக்குக் கொண்டு வந்துவிட்டது. முதலில் அந்தக் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். 1980களின் பிற்பகுதி. எனக்கு ஒன்பது வயது. லயத்தின் கடைசி வீட்டில் பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். இளவயதில் பால் மரம் வெட்டியவர். நோய் கண்டதும் சுங்கை பூலோவுக்கு அனுப்பப்பட்டு, நெடுங்காலம் கழித்துக் குணமாகித் திரும்பி வந்தவர். கை விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருக்கும். சில விரல்கள் பாதியாகக் குறைந்திருக்கும். அந்தக் கையாலேயே தென்னை ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டுவார். தோட்டத்தில் யாரும் அவரிடம் வாங்க மாட்டார்கள். தேநீர்க் கடையில் அவருக்கென்று ஒரு தகரக் குவளை, வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும். அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே மாட்டிவிட்டுப் போவார்.

ஒரு நாள் பள்ளி விட்டு மழையில் ஓடி வந்த நான் லொங்கானில் விழுந்துவிட்டேன். முழங்கால் கிழிந்து இரத்தம். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தப் பெரியவர்தான் ஓடி வந்து என்னைத் தூக்கினார். தோளில் சாய்த்து, எங்கள் வீட்டு வாசல் வரை கொண்டு வந்தார். அம்மா அப்போதுதான் பால் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். எங்களைக் கண்டதும் பாய்ந்து வந்து என்னைப் பறித்துக்கொண்டார். நேரே பைப்படிக்கு இழுத்துப் போய், துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியால் என் கையையும் கழுத்தையும் தோல் சிவக்கும்வரை தேய்த்தார்.

பெரியவர் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். மறுநாள் முதல், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்திலும் வரும் நேரத்திலும் அவர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

என் தாயாரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் உளி பிடித்தவர் அவர். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அந்த நோயைப் பற்றி அவர் கேள்விப்பட்டதெல்லாம் பயமுறுத்தும் கதைகள்தாம். தோட்டத்து டிரெசர், அந்த மனிதருக்கு நோய் எப்போதோ போய்விட்டது, பயப்படாதீர்கள் என்று பலமுறை சொன்னதுண்டு. யார் காதிலும் ஏறவில்லை. மருந்து அவர் உடம்பில் இருந்த கிருமியைக் கொன்றுவிட்டது. எங்கள் மனத்தில் இருந்த பயத்தைக் கொல்ல மருந்து இல்லை.

நேயர்களே, இந்தப் பயம் நேற்று வந்ததன்று. மிகப் பழையது. விவிலியத்தின் முற்பகுதியில் லேவியராகமம் என்றொரு புத்தகம் இருக்கிறது. அதன் 13, 14ஆம் அதிகாரங்கள் முழுவதும் தோல்நோய்களைப் பற்றிய சட்டங்களே. நோய் உறுதியான ஒருவன் கிழிந்த உடை உடுத்த வேண்டும். தலைமுடியை வாரக்கூடாது. வாயை மூடிக்கொண்டு, தான் தீட்டானவன் என்று தானே உரக்கக் கூவ வேண்டும். குடியிருப்புக்கு வெளியே தனியே வாழ வேண்டும். இதுவே சட்டம்.

அதே அதிகாரங்களில் துணியில் படியும் பூஞ்சைக்கும் வீட்டுச் சுவரில் படியும் கறைக்கும் அதே பெயர்தான் சொல்லப்படுகிறது. ஆகவே, அக்காலத்தார் குஷ்டம் என்று சொன்னது இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்று சொல்லும் ஒரே நோயை மட்டுமன்று, பலவகைத் தோல்நோய்களையும் சேர்த்துத்தான் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சந்தேகம் வந்தவுடனே ஒருவனை விரட்டிவிடுவதில்லை. குரு அவனை ஏழு நாள் தனியே வைத்து, மறுபடியும் பார்க்க வேண்டும். நோய் தீர்ந்தால் அவன் திரும்பி வருவதற்கென்று ஒரு சடங்கு உண்டு. குரு ஊருக்கு வெளியே போய் அவனைப் பார்ப்பார். அவன் உடையைத் துவைத்து, முடியை மழித்து, குளித்து, ஏழு நாள் கழித்துத் தன் கூடாரத்துக்குள் நுழையலாம். வெளியே அனுப்பிய சட்டமே திரும்பி வர ஒரு வாசலையும் வைத்திருந்தது. எங்கள் லயத்தில் அந்த வாசல் இல்லை. குணமானவர் திரும்பி வந்தார். ஆனால் குவளை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த அந்த நிகழ்ச்சிக்கு வருவோம். மாற்கு எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தின் முடிவில் அது இருக்கிறது. கலிலேயா நாட்டில் இயேசு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். குஷ்டரோகி ஒருவன் அவரிடம் வந்து மண்டியிடுகிறான். உமக்கு மனமிருந்தால் என்னைச் சுத்தமாக்க உம்மால் முடியும் என்ற கருத்தில் கெஞ்சுகிறான். அவனுக்கு இயேசுவின் ஆற்றலில் சந்தேகமில்லை. அவர் மனம் எப்படியோ என்பதுதான் சந்தேகம். வருடக்கணக்காக மனிதர் முகம் சுளிப்பதையே பார்த்தவனுக்கு வேறு எந்தச் சந்தேகம் வரும்?

இயேசு மனம் இரங்குகிறார். கையை நீட்டி அவனைத் தொடுகிறார். சுத்தமாகு என்கிறார். நோய் நீங்குகிறது.

இந்த வரிசையைப் பாருங்கள். நோய் நீங்கியபின் அவர் தொடவில்லை. நோய் இருக்கும்போதே தொட்டார். சொல்லாலேயே குணமாக்கியவர் அவர் என்று அதே நற்செய்திகள் பல இடங்களில் கூறுகின்றன. அப்படியானால் தொட வேண்டிய அவசியம் என்ன? நோய் நீங்குவதற்குத் தொடுதல் தேவைப்படாமல் இருக்கலாம். அந்த மனிதனுக்கு அது தேவைப்பட்டது. அவன் முதலில் மனிதன், பிறகுதான் நோயாளி என்பதைச் சொல்ல வேறு வழி இல்லை.

கதை அதோடு முடியவில்லை. இயேசு அவனைக் குருவிடம் போய்க் காட்டிக்கொள்ளச் சொல்கிறார். ஏன்? ஊருக்குள் நுழைய அனுமதி தர வேண்டியவர் குரு. உடம்பு குணமானால் மட்டும் போதாது. வீட்டுக்கும் வீதிக்கும் சந்தைக்கும் அவன் உரிமையோடு திரும்ப வேண்டும். ஆக இரண்டு குணம் நடக்க வேண்டியிருக்கிறது. ஒன்று உடம்புக்கு. மற்றொன்று ஊருக்கு.

கடைசி வரி இன்னும் ஆழமானது. அந்த மனிதன் நடந்ததை எல்லாரிடமும் சொல்லிப் பரப்பிவிடுகிறான். அதனால் இயேசு வெளிப்படையாக எந்த ஊருக்குள்ளும் நுழைய முடியாமல் போய், வெளியே ஆளில்லாத இடங்களில் தங்க நேர்கிறது. வெளியே நின்றவன் உள்ளே போனான். உள்ளே இருந்தவர் வெளியே நின்றார். ஒருவரை மதிப்பதற்கு நாம் ஏதேனும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதே நூலின் 14ஆம் அதிகாரத்தில் வேறொரு காட்சி. பெத்தானியா என்ற ஊரில் குஷ்டரோகியான சீமோன் என்பவருடைய வீட்டில் இயேசு பந்தியில் அமர்ந்திருக்கிறார். அவர் வீட்டில், அவர் படைத்த உணவை உண்கிறார். எங்கள் தேநீர்க் கடை ஆணியில் தொங்கிய குவளையை நான் இந்த இடத்தில்தான் மறுபடியும் நினைத்தேன்.

நேயர்களே, இந்தக் கதை பாலஸ்தீன நாட்டோடு முடிந்துவிடவில்லை. நம் நாட்டுக்கும் அது வருகிறது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். சாபமும் அன்று, பாவமும் அன்று, பரம்பரையும் அன்று என்பது அப்போதே தெளிவாயிற்று. ஆயினும் தகுந்த மருந்து கிடைக்க எழுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை உலகமெங்கும் நோயாளிகளைப் பிரித்து ஒதுக்கி வைத்தார்கள். பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு தொழுநோய் விடுதி இருந்தது. பிறகு 1930இல் சிலாங்கூரில் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. நோயாளிகளைக் கைதிகள்போல் அடைத்து வைக்காமல், வீடும் தோட்டமும் கொடுத்து ஒரு கிராமம்போல் வாழவிட வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இருந்தன. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தார்கள். சீனரும் மலாய்க்காரரும் நம் தோட்டப்புறத் தமிழரும் அவர்களில் உண்டு.

முன்னிருந்த நிலையை விட அது எவ்வளவோ மேல். எனினும் அது பிரிவுதான். அங்கே பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். குணமடைந்தும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கி முதுமையடைந்தவர்கள் பலர். வாசலைத் திறந்து வைத்தாலும், வாசலுக்கு வெளியே அழைத்துப்போக ஆள் வேண்டுமல்லவா?

இப்போது தமிழ்நாட்டுக்குப் போவோம். கொல்லிமலையில் 1914இல் ஓர் ஆங்கிலேய மிஷனரித் தம்பதியருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, மடங்கிய கையுடைய ஒருவரிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அந்த மனிதர் அழுத்திய வேகத்தில் மருத்துவருக்கு வலி தாங்கவில்லை. அழுத்தியவருக்கோ தாம் வலிக்கச் செய்வதே தெரியவில்லை. மருத்துவர் இரண்டு உண்மைகளைக் கண்டார். கைத்தசையில் வலு இன்னும் இருக்கிறது. கையில் உணர்வுதான் இல்லை.

விரல்கள் எப்படிக் குறைகின்றன என்பதற்கு அதுவரை எல்லாரும் சொன்ன பதில், சதை அழுகி விழுகிறது என்பது. பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அது தவறு என்று காட்டினார்கள். நோய் நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்தால் வலி தெரியாது. வலி தெரியாதவர் கொதிக்கும் பானையை வெறுங்கையால் இறக்குவார். காலில் ஆணி குத்தியும் நடப்பார். இரவில் தூங்கும்போது எலி கடித்தால்கூட விழிக்க மாட்டார். அதற்காகவே நோயாளிகள் பூனை வளர்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். நாம் சாபம் என்று எண்ணும் வலிதான் உடம்பின் காவல்காரன் என்பது அவர் கண்ட பெரிய பாடம்.

பிராண்ட் தம் நூலில் ஒரு சம்பவத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். ஓர் இளைஞரின் தோளில் கை வைத்து, என்ன சிகிச்சை செய்யப்போகிறோம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த இளைஞர் திடீரென்று விம்மி அழுதார். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனா என்று மருத்துவர் பதறினார். உடனிருந்த உதவியாளர் விசாரித்துச் சொன்னார்: பல ஆண்டுகளாக அவரை யாருமே தொட்டதில்லையாம், அதனால்தான் அழுகிறார் என்று. கலிலேயாவில் நடந்தது தமிழ்நாட்டில் மறுபடி நடந்தது. சிகிச்சை பிறகுதான் வந்தது. கை முதலில் வந்தது.

அறுவை செய்து மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். அவர்களுக்குத் தொழில் கற்பிக்க ஒரு சிறு குடியிருப்பைத் தொடங்கினார்கள். கையைச் சீராக்கினால் போதாது, அந்தக் கை சம்பாதித்து நிமிர்ந்து வாழ வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அடுத்தது கால். உணர்வில்லாத பாதத்தில் ஒரே இடத்தில் பாரம் விழுந்து விழுந்து புண் ஆகிறது. என்ன செய்வது? பலவகைச் செருப்புகளைச் செய்து பார்த்தார்கள். முடிவில் கைகொடுத்தது எது தெரியுமா? ரப்பர். மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். மெத்தென்று இருக்கும், ஆனால் நசுங்கித் தட்டையாகிவிடாது. பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும். வேலூரிலும் அதை அடுத்த கரிகிரி மருத்துவமனையிலும் அந்த ரப்பரால் செருப்பு செய்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கால்களை அது காப்பாற்றியது.

ரப்பர் என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கு கட்டி, மரம் மரமாய் வெட்டி, மங்கில் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்தவர்கள் நம் தாய்தந்தையர். அந்தப் பால் உலகத்தில் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆயிற்று. அவற்றில் ஒன்று, யாரும் தொட மறுத்த ஒரு மனிதரின் காலுக்குச் செருப்பாகவும் ஆயிற்று என்று நினைக்கும்போது, அந்த உழைப்பின் மதிப்பு நமக்கு இன்னும் கூடுகிறது.

நேயர்களே, இதுவரை இரக்கத்தைப் பற்றிப் பேசினேன். இரக்கம் மட்டும் போதாது. இரங்குகிறவர் மேலே நின்று கொடுப்பார். வாங்குகிறவர் கீழே நின்று பெறுவார். மதிப்பு என்பது வேறு. ஒதுக்கப்பட்டவரிடமும் நமக்குக் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று ஏற்றுக்கொள்வதே மதிப்பு. இதற்கும் விவிலியத்தில் ஒரு கதை உண்டு. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், ஏழாம் அதிகாரம்.

சமாரியா நகரத்தைப் பகைவர் முற்றுகை இட்டிருக்கிறார்கள். உள்ளே கொடிய பஞ்சம். நகர வாசலுக்கு வெளியே நான்கு குஷ்டரோகிகள். உள்ளே போனாலும் சாவு, இங்கேயே இருந்தாலும் சாவு என்று எண்ணிப் பகைவர் முகாமுக்கே போகிறார்கள். முகாம் காலியாகக் கிடக்கிறது. பகைவர் பயந்து ஓடிவிட்டார்கள். உணவும் உடையும் பொன்னும் அப்படியே கிடக்கின்றன. நால்வரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்து, நாம் செய்வது சரியன்று, இந்த நல்ல செய்தியை நகரத்துக்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். தங்களை உள்ளே விடாத நகரத்துக்குப் போய், வாசலில் நின்று, சோறு இருக்கும் இடத்தைச் சொல்கிறார்கள். நகரம் பிழைக்கிறது.

சுங்கை பூலோவிலும் அப்படி ஒன்று நடந்தது. 1940களிலிருந்து தொழுநோய்க்கு டாப்சோன் போன்ற மருந்துகள் வந்தன. பெரும்பாலோர் குணமடைந்தார்கள். ஆனால் சிலருக்கு மருந்து கொடுத்தும் நோய் திரும்ப வந்தது. காரணம் என்ன என்று சுங்கை பூலோ ஆராய்ச்சிப் பிரிவில் ஆராய்ந்தார்கள். கிருமி அந்த மருந்துக்குப் பழகி, அதை எதிர்த்து நிற்கிறது என்பதை 1964இல் முதன்முதலாக உலகுக்கு நிரூபித்தார்கள். நிரூபணம் கிடைத்தது அங்கிருந்த நோயாளிகளின் உடம்பிலிருந்து. ஒரே மருந்தை நம்பினால் போதாது என்பது அதனால் உறுதியாயிற்று. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதனால் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள் குணமடைந்திருக்கிறார்கள். ஊர் வெளியே தள்ளிய மனிதர்கள், ஊர் பிழைக்க வழி காட்டினார்கள்.

இனி என் தாயாரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, நாங்கள் பட்டணத்துப் பக்கம் வீடு மாறி வந்து பல வருடங்கள் ஆகின்றன. அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது. இனிப்பு நீர் வியாதி. இரண்டாண்டுக்கு முன் ஒரு நாள், அவர் நடந்த இடமெல்லாம் தரையில் இரத்தக் கறை. பார்த்தால், உள்ளங்காலில் உடைந்த கண்ணாடித் துண்டு. அவருக்குத் தெரியவே இல்லை. வலிக்கவே இல்லை.

மருத்துவமனையில் தாதி ஒருவர், கையுறை அணிந்த கையால் அம்மாவின் பாதத்தைத் தம் மடிமேல் தூக்கி வைத்து, பொறுமையாகத் துடைத்துக் கட்டினார். மலாய்ப் பெண். அம்மாவுக்குக் கூச்சம். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார். பிறகு மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு அணியச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் விளக்கினேன். உணர்வு போன காலைக் காப்பாற்றுவது எப்படி என்று வேலூரில் தொழுநோயாளர்களிடம் கற்றுக்கொண்டதை, டாக்டர் பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்ற பிறகு இனிப்பு நீர் உள்ளவர்களின் காலுக்கும் பயன்படுத்தினார். அம்மாவின் காலைக் காக்கும் அறிவு அந்த மனிதர்களிடமிருந்து வந்தது. அம்மா நெடுநேரம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“கடைசி வீட்டுப் பெரியவரு பேரு என்னம்மா?”

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஒரே லயத்தில் அத்தனை வருடம் இருந்தோம். என்னைத் தோளில் தூக்கி வந்தவர் அவர். நாங்கள் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

நேயர்களே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆகவே சில செய்திகளை உறுதியாகச் சொல்லி விடைபெற வேண்டும். தொழுநோய் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாக அது காணப்படுகிறது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் உணர்வு இல்லாமலிருந்தால், கை கால் மரத்துப்போனால், சுட்டும் வலிக்காமல் இருந்தால், மறைக்காதீர்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ தவறாமல் மருந்து உட்கொண்டால் முற்றிலும் குணமாகும். மருந்து தொடங்கியபின் அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. கை குலுக்குவதாலும் சேர்ந்து சாப்பிடுவதாலும் அது தொற்றுவதில்லை. பெரும்பாலான மனிதர்களுக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு.

இனிப்பு நீர் உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் படுக்கப்போகும் முன் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண் சரியாகத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

ஒதுக்கப்பட்டவர் தொழுநோயாளர் மட்டுமல்லர். நம் குடியிருப்பில் மனநோய் கண்டவர் இருக்கலாம். சிறைக்குப் போய் வந்த இளைஞன் இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்ய வேற்று நாட்டிலிருந்து வந்து, நம் மொழி தெரியாமல் தனியே நிற்பவர் இருக்கலாம். விவிலியத்தில் மத்தேயு எழுதிய நற்செய்தியின் 25ஆம் அதிகாரம், பசித்தவருக்கும் அந்நியருக்கும் நோயாளிக்கும் சிறையில் இருப்பவருக்கும் செய்ததெல்லாம் கடவுளுக்கே செய்தது என்ற பொருளில் பேசுகிறது. எந்தச் சமயத்தவருக்கும் இது பொருந்தும்.

நாளைக் காலை அவர்களில் ஒருவரைக் கண்டால், பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் போய், உங்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறியது அதுதான்.